புது மீனுக்கு நான்கு வாரத் தனித்தொட்டி: ஒட்டுண்ணி நோய் தொட்டிக்குள் வராமல் தடுக்க ஒரு வழிகாட்டி

புது மீன் வாங்கி வந்த ஒன்றிரண்டு வாரங்களில் பழைய மீன்கள் கூழாங்கல்லில் உடம்பை உரசத் தொடங்கி, துடுப்பில் ரவை ஒட்டியதுபோல் வெண்புள்ளிகள் தெரிந்தால், வந்திருப்பது பெரும்பாலும் வெள்ளைப் புள்ளி நோய்தான். எங்கள் வீட்டுத் தொட்டியில் அது வந்தபோது ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் கல் உப்பு போடச் சொன்னார். ஒருவர் நீல மருந்து போதும் என்றார். இன்னொருவர் தானாகவே சரியாகிவிடும் என்றார். எவ்வளவு, எத்தனை நாள், ஏன் என்று கேட்டபோது யாரிடமும் தெளிவான விடை இல்லை. மீன்கள் ஒவ்வொன்றாகப் பக்கவாட்டில் சாய்ந்துகொண்டிருக்கும்போது அந்த விடைகளைத் தேடி அலைவது கொடுமை. நீங்கள் அப்படி அலைய வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். புது மீனைப் பழைய மீன்கள் வாழும் பெரிய தொட்டியில் விடும் முன், நான்கு வாரம் தனித்தொட்டியில் வைத்துக் கவனிப்பதுதான் வழி. இது நன்னீர்த் தொட்டிக்கு மட்டுமான வழிகாட்டி. கடல்நீர்த் தொட்டியில் ஒட்டுண்ணிகளும் வேறு, மருந்தளவும் வேறு.

வேலையைத் தொடங்கும் முன் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். வெள்ளைப் புள்ளியை உண்டாக்குவது இக்தியோஃப்திரியஸ் என்ற ஒற்றைச் செல் உயிரி. மீன் வளர்ப்பவர்கள் சுருக்கமாக ‘இக்’ என்பார்கள். மீனின் தோலுக்கடியில் புகுந்து தின்று பருக்கும்போதுதான் அது நம் கண்ணுக்குப் புள்ளியாகத் தெரிகிறது. அந்த நிலையில் தண்ணீரில் கலக்கும் வழக்கமான மருந்துகள் அதை எட்டுவதில்லை. நன்றாகப் பருத்த பிறகு மீனிலிருந்து கழன்று விழுந்து, தரையிலோ செடியிலோ கண்ணாடியிலோ ஒட்டி உறை கட்டிக்கொள்ளும். உறைக்குள் மீண்டும் மீண்டும் பிரிந்து நூற்றுக்கணக்கான, சில நேரம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குஞ்சுகளாகி வெளியே நீந்தி வரும். மருந்து கொல்வது இந்த நீந்தும் குஞ்சுகளை மட்டுமே. நம் ஊர் வெப்பத்தில் இரண்டு நாளுக்குள் ஒரு மீன் கிடைக்காவிட்டால் அவை தாமாகவே செத்துவிடும். 25 டிகிரி செல்சியஸ் தண்ணீரில் இந்தச் சுற்று முழுவதும் ஒரு வாரத்துக்குள் முடிந்துவிடும். தண்ணீர் 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஒரு மாதத்துக்கும் மேல் இழுக்கும்.

கீழே சொல்லும் நாள் கணக்குகள் எல்லாம் இந்தச் சுற்றிலிருந்து வருபவை. புள்ளி மறைந்த அன்றே மருந்தை நிறுத்துபவர்களுக்கு அடுத்த வாரமே நோய் திரும்புவதும் இதனால்தான்.

1. கடைக்குப் போகும் முன்பே தனித்தொட்டியைத் தயார் செய்யுங்கள்

மீனை வாங்கி வந்த பிறகு தனித்தொட்டி வைக்கலாம் என்று நினைக்காதீர்கள். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்ற நஞ்சு உண்டாகும்; புதிதாகத் தண்ணீர் நிரப்பிய தொட்டியில் அதைச் சிதைக்கும் பாக்டீரியா இருக்காது. மீனை ஒட்டுண்ணியிடமிருந்து காப்பாற்றப்போய் அம்மோனியாவுக்குக் கொடுத்துவிடுவீர்கள்.

இதற்கு எளிய வழி ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர். மீன் வாங்க நினைத்திருக்கும் நாளுக்கு நான்கு வாரம் முன்பே அதை உங்கள் பெரிய தொட்டியில் போட்டு ஓடவிடுங்கள். பாக்டீரியா அதில் தங்கிப் பெருகும். மீன் வரும் அன்று காலை அதைப் பிழியாமல், காயவிடாமல் எடுத்துத் தனித்தொட்டியில் வையுங்கள். பெரிய தொட்டியே இப்போதுதான் தொடங்குகிறீர்கள் என்றால், அவசரப்பட்டு மீன் வாங்காமல் ஃபில்டர் பழகும் வரை காத்திருங்கள்.

தொட்டி 45 செ.மீ. நீளம், 30 அகலம், 30 உயரம் இருந்தால் சிறு மீன்களுக்குப் போதும். தங்கமீனுக்கும் கோய் குஞ்சுகளுக்கும் இன்னும் பெரியது வேண்டும். அடியில் மணலோ கல்லோ போடாதீர்கள். வெறும் கண்ணாடித் தரையாக இருந்தால்தான் கழன்று விழுந்த ஒட்டுண்ணிகளைக் குழாய் வைத்து உறிஞ்சி எடுக்க முடியும். மீன் ஒளிந்துகொள்ள ஒரு பி.வி.சி. குழாய்த் துண்டோ சிறு மண்சட்டியோ போதும். உப்பையும் மருந்தையும் செடிகள் தாங்காது என்பதால் அவையும் வேண்டாம்.

வலை, வாளி, உறிஞ்சு குழாய் மூன்றையும் தனித்தொட்டிக்கென்று வேறாக வையுங்கள். நிறம் மாற்றி வாங்கினால் குழப்பம் வராது. ஒரே வலையை இரண்டு தொட்டியிலும் விட்டால் தனித்தொட்டி வைத்ததே வீண். பெரிய தொட்டி வேலையை முதலில் முடித்துவிட்டு, பிறகு தனித்தொட்டிக்கு வாருங்கள். கையைக் கழுவாமல் திரும்பிப் போகாதீர்கள். இடம் இருந்தால் இரண்டையும் வேறு அறைகளில் வைப்பது நல்லது. ஏர் பம்ப் குமிழிகள் உடையும்போது தெறிக்கும் துளிகூடப் பக்கத்துத் தொட்டியில் விழக் கூடாது.

2. செலவு எவ்வளவு ஆகும்

விலை ஊருக்கு ஊர் மாறும். ஒரு மதிப்பீட்டுக்காகச் சொல்கிறேன். மேலே சொன்ன அளவுக் கண்ணாடித் தொட்டி ஏறக்குறைய 800 முதல் 1,200 ரூபாய். அது கையைக் கடித்தால் 50 லிட்டர் பிளாஸ்டிக் டப் பாதி விலையில் கிடைக்கும். மீனுக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை, பக்கவாட்டில் பார்க்க முடியாது என்பது மட்டுமே சிரமம். ஸ்பாஞ்ச் ஃபில்டர் 150 முதல் 300, ஏர் பம்ப் 300 முதல் 500, 50 வாட் ஹீட்டர் 400 முதல் 700, தெர்மாமீட்டர் 100 ரூபாய்க்குள். அம்மோனியா சோதனைப் பெட்டிக்குத் தனியாக 500 முதல் 1,000 வரை ஒதுக்குங்கள். பலரும் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். தனித்தொட்டியில் மீன் மேலே வந்து வாய் பிளந்தால் அது ஒட்டுண்ணியா அம்மோனியாவா என்று சொல்லக்கூடியது இந்தப் பெட்டி மட்டுமே என்பதால், ஹீட்டரைத் தள்ளிப்போட்டாலும் இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மொத்தம் ஏறக்குறைய 2,250 முதல் 3,800 ரூபாய். ஒருமுறை செய்யும் செலவு இது. அடுத்த முறை உப்பும் மருந்தும் மட்டும்தான். மழைக்காலத்தில் மின்சாரம் போகும் பகுதியில் இருந்தால் பேட்டரியில் ஓடும் சிறு ஏர் பம்ப் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

3. கடையில் என்ன பார்ப்பது, என்ன கேட்டு வாங்குவது

சென்னையில் இருப்பவர்களுக்கு மீன் என்றால் கொளத்தூர். கடை கடையாக ஏறி இறங்க முடிகிற இடத்தில் முதல் கடையிலேயே வாங்கிவிடாதீர்கள். பிடித்த மீனைத் தேடும் முன், அது இருக்கும் தொட்டி முழுவதையும் இரண்டு நிமிடம் நின்று பாருங்கள். துடுப்பை மடக்கி வைத்திருக்கும் மீன், ஒரு பக்கச் செவுளை மூடிக்கொண்டு மறு பக்கத்தால் மட்டும் மூச்சு விடும் மீன், ஃபில்டர் நீரோட்டத்துக்கு அடியிலேயே நிற்கும் மீன், வயிறு ஒட்டிப்போன மீன் என்று ஒன்றே ஒன்று இருந்தாலும் அந்தத் தொட்டியிலிருந்து எதையும் வாங்காதீர்கள். “அந்த ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் பிடித்துத் தருகிறேன்” என்பார்கள். தண்ணீர் ஒன்றுதானே.

தவறாக எண்ணக்கூடிய ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இனப்பெருக்கப் பருவத்தில் ஆண் தங்கமீனின் செவுள் மூடியிலும் மார்புத் துடுப்பின் முன்விளிம்பிலும் வரிசையாக வெண்புள்ளிகள் வரும். அது நோய் இல்லை. உடம்பு, வால் எங்கும் ஒழுங்கின்றிச் சிதறிக் கிடந்தால் சந்தேகப்படுங்கள்.

கடைக்காரரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இந்த மீன் கடைக்கு எப்போது வந்தது? இதற்கு ஏதாவது மருந்து போட்டீர்களா? கொஞ்சம் தீனி போட்டுக் காட்ட முடியுமா? நேற்று வந்தது என்றால் ஒரு வாரம் கழித்து வருவதாகச் சொல்லுங்கள்; முன்பணம் கொடுத்தால் பல கடைகளில் வைத்திருப்பார்கள். தண்ணீர் நீலமாகவோ பச்சையாகவோ இருந்தால் மருந்து ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். நல்ல கடைக்காரர் அதை மறைக்க மாட்டார்.

காகிதம் என்று பெரிதாக எதுவும் இல்லை. ஆனால் தேதியும் மீனின் பெயரும் எண்ணிக்கையும் எழுதிய பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். மீன் இருந்த தொட்டியைக் கைப்பேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு வாரம் கழித்து நோய் தெரிந்தால், அது எப்போது, எங்கிருந்து வந்தது என்று கணக்கிட இவை உதவும். பஸ் பார்சலில் வெளியூருக்கு மீன் வரவழைப்பவர்கள் பாக்கெட் கட்டிய நேரத்தையும் அதன்மேல் எழுதச் சொல்லுங்கள்.

மருந்து வாங்கும்போது இன்னும் கறாராக இருங்கள். பெயரில்லாத குட்டிப் பாட்டிலில் நீலமாகவும் பச்சையாகவும் ஊற்றித் தரும் மருந்தை வாங்காதீர்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு செறிவு, எப்போது காலாவதி என்ற மூன்றும் லேபிளில் இருக்க வேண்டும். செறிவு தெரியாத மருந்துக்கு அளவு சொல்ல யாராலும் முடியாது.

4. வீட்டுக்கு வந்த நாள்

பாக்கெட்டைப் பிரிக்காமல் தனித்தொட்டித் தண்ணீரில் 15, 20 நிமிடம் மிதக்கவிடுங்கள். வெப்பம் சமமானதும் பாக்கெட் தண்ணீரை ஒரு வாளியில் வடித்து, மீனை மட்டும் வலையில் எடுத்துத் தொட்டியில் விடுங்கள். கடைத் தண்ணீர் ஒரு துளியும் உங்கள் தொட்டிக்குள் போகக் கூடாது. நீந்தும் குஞ்சுகள் அதில்தான் இருக்கும்.

பாக்கெட்டைத் திறந்து வைத்துச் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் சேர்க்கும் முறை, பல மணி நேரம் பயணம் செய்து வந்த மீனுக்கு ஆபத்து. மூடிய பாக்கெட்டில் மீன் விடும் கரியமில வாயு தண்ணீரை அமிலத்தன்மையில் வைத்திருக்கும். அந்த நிலையில் அம்மோனியாவின் நச்சு குறைவு. திறந்ததும் வாயு வெளியேற, அமிலத்தன்மை குறைந்து, அதே அம்மோனியா நஞ்சாக மாறும். ஆகவே திறந்ததும் தாமதிக்காதீர்கள்.

மெட்ரோ தண்ணீரில் குளோரின் இருக்கும். ஒரு நாள் முழுவதும் ஏர் ஸ்டோன் (ஏர் பம்ப் குழாய் முனையில் மாட்டும் குமிழிக் கல்) போட்டு வைக்கலாம், அல்லது குளோரின் நீக்கும் மருந்தை லேபிளில் உள்ளபடி கலக்கலாம். லாரித் தண்ணீரில் எது எவ்வளவு இருக்கும் என்று ஒவ்வொரு லாரிக்கும் மாறுவதால், குளோரின் நீக்கும் மருந்து கலக்காமல் அதைப் பயன்படுத்தாதீர்கள். முதல் நாள் தீனி வேண்டாம், விளக்கும் வேண்டாம்.

5. நான்கு வாரம் எப்படிப் போகும்

ஏன் நான்கு வாரம் என்று பலரும் கேட்கிறார்கள். வெள்ளைப் புள்ளியை மட்டும் நினைத்தால் இரண்டு வாரம் போதும்போலத் தோன்றும். ஆனால் ஒருமுறை நோய் வந்து பிழைத்த மீனுக்கு ஓரளவு எதிர்ப்புச் சக்தி உண்டாகிவிடும். அதன் செவுளில் சில ஒட்டுண்ணிகள் வெளியே தெரியாமல் வாழ்ந்துகொண்டிருக்கும். கடையில் பளபளவென்று இருந்த மீன் உங்கள் பழைய மீன்களைக் கொல்வது இப்படித்தான். செவுள் புழுவும் குடல் புழுவும் தெரியவர இன்னும் அதிக நாள் பிடிக்கும்.

முதல் வாரம் பார்ப்பது மட்டுமே வேலை. காலையில் தீனி போடும் முன்பு ஐந்து நிமிடம், இரவில் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சுடன் ஐந்து நிமிடம். டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். நேராக அடித்தால் தெரியாதவை சாய்ந்த ஒளியில் தெரியும். துடுப்பின் ஓரம், கண்ணுக்குப் பின்புறம், வால் அடி, ஆசனவாய் ஆகிய நான்கு இடங்களையும் வரிசையாகப் பாருங்கள். செவுள் ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை அசைகிறது என்று எண்ணி எழுதி வையுங்கள். எண்ணிக்கை நாளுக்கு நாள் ஏறினால் செவுளில் ஏதோ இருக்கிறது. புள்ளி தெரியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

இதற்கென்று ஒரு நோட்டு வையுங்கள். தேதி, தண்ணீர் வெப்பம், அம்மோனியா அளவு, தீனி தின்றதா, எவ்வளவு தண்ணீர் மாற்றினீர்கள், என்ன மருந்து எத்தனை கிராம். மனக்கணக்கில் வைத்துக்கொண்டால் மருந்தளவு நிச்சயம் தப்பும்.

நோய் தெரியாதபோதே முன்னெச்சரிக்கையாக எல்லா மருந்தையும் போட்டுவிடலாமா என்றால், வேண்டாம் என்பதே என் கருத்து. பயணத்தில் களைத்துப்போன மீனுக்கு மருந்து இன்னொரு சுமை. அதோடு, பல மருந்துகள் ஃபில்டர் பாக்டீரியாவையும் கொல்லும். நீல மருந்து எனப்படும் மெத்திலீன் புளூ இதில் முக்கியமானது. அதைப் போட்ட தொட்டியில் அம்மோனியாவை நாள்தோறும் பார்த்தே ஆக வேண்டும். முதலில் பாருங்கள், அடையாளம் கண்டபின் அதற்குரியதை மட்டும் கொடுங்கள்.

நோய் ஏதும் தெரியாவிட்டால் நான்காவது வாரம் முடிந்ததும் பத்தாவது படிக்குப் போகலாம். இடையில் நோய் தெரிந்தால், சிகிச்சை முடிந்த நாளிலிருந்து மீண்டும் இரண்டு வாரம் சேர்த்துக்கொள்ளுங்கள். நடுவில் இன்னொரு புது மீனைத் தனித்தொட்டியில் விட்டால் கணக்கு முதலிலிருந்து தொடங்கும்.

6. வெள்ளைப் புள்ளி தெரிந்தால்

வடகிழக்குப் பருவமழையில் தொடங்கித் தை மாதம் வரை, இரவில் தண்ணீர் சட்டென்று குளிரும் நாட்களில் இது அதிகம் தலைகாட்டும். புள்ளியைப் பார்த்ததும் அன்றே தொடங்குங்கள்.

முதலில் தண்ணீரை அளந்துகொள்ளுங்கள். தொட்டியின் அளவைப் பார்க்காமல் தண்ணீரின் அளவைக் கணக்கிட வேண்டும். 45 × 30 செ.மீ. தரையில் 25 செ.மீ. உயரம் தண்ணீர் இருந்தால், மூன்றையும் பெருக்கி 1,000 ஆல் வகுங்கள்: 33.75 லிட்டர். தொட்டி 40 லிட்டர் என்று சொல்லி விற்றிருப்பார்கள். அந்தக் கணக்கில் மருந்து போட்டால் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும்.

உப்பு: லிட்டருக்கு 2 முதல் 3 கிராம். நம் 34 லிட்டருக்கு 68 முதல் 102 கிராம். சமையல் தராசில் நிறுத்துப் போடுங்கள். கைப்பிடிக் கணக்கு வேண்டாம். மொத்தத்தை மூன்றாகப் பிரித்து, தனியே கரைத்து, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒரு பங்காக ஊற்றுங்கள். சாதாரணக் கல் உப்பே போதும். அயோடின் சேர்த்ததா என்று பதற வேண்டாம், அந்த அளவு மீனைப் பாதிக்காது. உப்பால் இன்னொரு நன்மையும் உண்டு: அம்மோனியா சிதையும்போது உண்டாகும் நைட்ரைட் என்ற நஞ்சு மீனின் செவுள் வழியாக உள்ளே போவதை, உப்பிலுள்ள குளோரைடு தடுக்கும். கப்பி, மோலி, தங்கமீன் எல்லாம் இந்த அளவை நன்றாகத் தாங்கும். கோரிடோராஸ், லோச், டெட்ரா வகைகளுக்கு லிட்டருக்கு 1 கிராமில் தொடங்கி, மீனின் நடத்தையைப் பார்த்து மெல்லக் கூட்டுங்கள்.

வெப்பம்: ஹீட்டரை வைத்து ஒரு நாளைக்கு இரண்டு டிகிரிக்கு மேல் போகாமல் 30 டிகிரி வரை ஏற்றுங்கள். வெப்பம் கூடினால் ஒட்டுண்ணியின் சுற்று வேகமாகி, மருந்துக்கு அகப்படும் நீந்தும் நிலைக்கு விரைவில் வரும். 30 டிகிரிக்கு மேல் பெரும்பாலானவற்றுக்குப் பெருகவே முடியாது. இருந்தாலும் வெப்பத்தைத் தாங்கும் வகைகள் உண்டு, ஆகவே ஹீட்டரை மட்டும் நம்பாதீர்கள். சூடான தண்ணீரில் ஆக்சிஜன் குறையும் என்பதால் ஏர் ஸ்டோன் ஒன்று கூடுதலாகப் போடுங்கள். தங்கமீனுக்கு இவ்வளவு வெப்பம் வேண்டாம். அதற்கு உப்போடு நிறுத்திக்கொண்டு நாட்களைக் கூட்டுங்கள். சென்னை வெயில் காலத்தில் தண்ணீர் ஏற்கனவே 30 டிகிரியைத் தொட்டிருக்கும். ஹீட்டரைக் கையிலெடுக்கும் முன் தெர்மாமீட்டரைப் பாருங்கள்.

தண்ணீர் மாற்றம்: ஒருநாள் விட்டு ஒருநாள் கால் பங்கு. தரையை ஒட்டிக் குழாயை நகர்த்தி உறிஞ்சுங்கள். உறை கட்டியவை அங்கேதான் கிடக்கும். வெளியே எடுத்த தண்ணீருக்கு மட்டும் உப்பு சேர்க்க வேண்டும். 8 லிட்டர் எடுத்தால் 8 லிட்டருக்கான உப்பு. ஆவியாகிக் குறைந்த தண்ணீரை ஈடு செய்யும்போது உப்பு வேண்டாம். ஆவியானது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே இருக்கிறது. உப்பு அளவு மீறிப்போகும் தொட்டிகள் பெரும்பாலும் இந்த இடத்தில் தவறியவை.

இரண்டாம், மூன்றாம் நாளில் புள்ளிகள் கூடும். பயந்து மருந்தை மாற்றாதீர்கள், அளவை இரட்டிப்பாக்காதீர்கள். ஏற்கனவே தோலுக்குள் இருந்தவை பருத்துக் கண்ணுக்குத் தெரிகின்றன, அவ்வளவுதான். ஐந்தாறு நாளில் அவை கழன்று விழுந்து மீன் சுத்தமாகத் தெரியும். அப்போதும் நிறுத்தக் கூடாது. கடைசிப் புள்ளி மறைந்த பிறகு ஒரு வாரம், மொத்தத்தில் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் தொடருங்கள். பிறகு தண்ணீர் மாற்றி மாற்றி உப்பை மெல்லக் குறையுங்கள்.

நான்கைந்து நாளில் மீன் மேலும் சோர்ந்தாலோ மூச்சு வாங்கினாலோ, மாலகைட் கிரீன் அல்லது அதோடு ஃபார்மலின் கலந்த மருந்துக்கு மாறலாம். மாறும் முன் பாதித் தண்ணீரை மாற்றி உப்பைக் குறைத்து, வெப்பத்தை 27 டிகிரிக்கு இறக்குங்கள். ஃபார்மலின் தண்ணீரில் ஆக்சிஜனைக் குறைக்கும்; சூட்டோடு சேர்ந்தால் மீன் மூச்சுத் திணறும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிந்திருந்தால் அந்த ஃபார்மலின் கெட்டது, பயன்படுத்தாதீர்கள். டெட்ரா, லோச், கெளுத்தி வகைகளுக்கு மாலகைட் கிரீன் பாதியளவே. ஃபில்டரில் கரித்தூள் இருந்தால் எடுத்துவிடுங்கள். மருந்தை அது உறிஞ்சிவிடும். இரண்டு மருந்துமே மனிதருக்கும் தீங்கானவை. கையுறை போடுங்கள், காற்றோட்டமான இடத்தில் கலக்குங்கள், குழந்தைகளுக்கு எட்டாமல் வையுங்கள்.

7. புள்ளியே இல்லாமல் உரசினால்

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். மீன் உரசுகிறது, செவுள் வேகமாக அடிக்கிறது, உடம்பில் ஒன்றும் இல்லை. முதலில் அம்மோனியாவைப் பாருங்கள். அது பூஜ்யம் என்றால் செவுள் புழு, தோல் புழு என்று சந்தேகப்படலாம்.

நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் பள்ளிக்கூட மைக்ராஸ்கோப் ஒன்று இரவல் கிடைத்தால் விடாதீர்கள். மீனை ஈரக் கையில் பிடித்து, பக்கவாட்டில் தலையிலிருந்து வால் நோக்கி மைக்ராஸ்கோப்புக்கான மெல்லிய கண்ணாடி வில்லையால் லேசாக வழித்து, அந்தக் கொழகொழப்பில் தொட்டித் தண்ணீர் ஒரு சொட்டு விட்டு மூடிப் பாருங்கள். சில விநாடி வேலை, மீனுக்குக் காயம் இல்லை. மெல்ல உருண்டுகொண்டே இருக்கும் உருண்டை, உள்ளே லாட வடிவில் ஒரு கரு: அது இக். கொக்கியால் பிடித்துக்கொண்டு நீண்டு சுருங்கும் புழு என்றால் தலைப் பக்கம் பாருங்கள். நான்கு கரும்புள்ளிக் கண்கள் இருந்தால் டாக்டிலோகைரஸ், முட்டையிடும் வகை. கண் இல்லாமல் வயிற்றுக்குள் இன்னொரு குட்டிப் புழு தெரிந்தால் கைரோடாக்டைலஸ், குட்டி போடும் வகை. முதல்முறை இதைப் பார்ப்பவர்கள் மைக்ராஸ்கோப்பை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

இந்த இரண்டு புழுவுக்கும் மருந்து பிராசிகுவான்டல், லிட்டருக்கு 2 முதல் 2.5 மில்லிகிராம். 34 லிட்டருக்கு 85 மில்லிகிராம் வரை. 600 மில்லிகிராம் மாத்திரை கிடைத்தால் நன்றாகப் பொடித்து 120 மில்லி தண்ணீரில் கலக்குங்கள். ஒரு மில்லியில் 5 மில்லிகிராம் இருக்கும். இது தண்ணீரில் எளிதில் கரையாது, அடியில் தங்கிவிடும். ஆகவே குலுக்கிக்கொண்டே சிரிஞ்சில் 17 மில்லி எடுத்து ஊற்றுங்கள். மருந்துக் கடையில் மருத்துவர் சீட்டு கேட்பார்கள். கால்நடை மருத்துவரிடம் மீனுக்கென்று சொல்லி எழுதி வாங்குங்கள். நாய்க்குக் கொடுக்கும் குடற்புழு மாத்திரைகளில் இதோடு வேறு மருந்துகளும் கலந்திருக்கும், அவற்றைத் தொட்டியில் போடாதீர்கள்.

முட்டைகளை இந்த மருந்து கொல்லாது. முட்டை பொரிந்து வருவதைப் பிடிக்க ஆறேழு நாள் கழித்து ஒருமுறை, அதன்பின் இன்னொருமுறை என மூன்று தவணை கொடுங்கள். ஒவ்வொரு தவணைக்கும் முன் பாதித் தண்ணீர் மாற்றுங்கள்.

சாய்ந்த டார்ச் ஒளியில் உடம்பெங்கும் மங்கலான பொன்னிறத் தூசிப் படலம் தெரிந்து, துடுப்புகள் மடங்கியிருந்தால் அது வெல்வெட் நோய். இக்கைவிட வேகமாகக் கொல்லும். இந்த ஒட்டுண்ணிக்கு ஒளியிலிருந்து உணவு தயாரிக்கும் திறன் உண்டு என்பதால் தொட்டியைத் துணியால் முழுக்க மூடி இருட்டாக்குங்கள். செம்பு கலந்த மருந்து வேலை செய்யும். ஆனால் செம்பை அளக்கும் சோதனைப் பெட்டி இல்லாமல் அதைத் தொடாதீர்கள். மென்னீரில் (தாது உப்புகள் குறைந்த தண்ணீரில்) செம்பின் நச்சு பல மடங்கு கூடும், இறாலும் நத்தையும் மிஞ்சாது.

8. கண்ணுக்குத் தெரியும் புழுக்கள்

கப்பி, மோலி வகைகளின் ஆசனவாயிலிருந்து சிவப்பு நூல்போல ஒன்றிரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் அது கமல்லானஸ் குடல் புழு. பிராசிகுவான்டல் இதற்குப் பயன்படாது. லெவாமிசோல் லிட்டருக்கு 2 மில்லிகிராம், விளக்கை அணைத்து 24 மணி நேரம். பிறகு தரையை நன்றாக உறிஞ்சிப் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றுங்கள். இரண்டு, மூன்று வாரம் கழித்து மறுபடியும்.

தங்கமீன், கோய் உடம்பில் குச்சிபோல் குத்திக்கொண்டு நிற்பது நங்கூரப் புழு; தட்டையாக, வட்டமாக ஊர்வது மீன் பேன். நங்கூரப் புழுவைச் சாமணத்தால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக இழுங்கள், தலை உள்ளே முறிந்தால் புண்ணாகும். பிடுங்கியதோடு வேலை முடியாது. தண்ணீரில் குஞ்சுகள் இருக்கும். டைஃப்ளூபென்சூரான் உள்ள மருந்தை லேபிள்படி கொடுத்து மூன்று, நான்கு வாரம் கவனியுங்கள்.

9. நோய் ஏற்கனவே பெரிய தொட்டிக்குள் வந்துவிட்டால்

புள்ளி தெரியும் மீனை மட்டும் எடுத்துத் தனியே வைத்துப் பயனில்லை. தண்ணீர் முழுக்க குஞ்சுகள் இருக்கும். ஒன்று, பெரிய தொட்டி முழுவதற்கும் சிகிச்சை. செடியும் இறாலும் இருப்பதால் அது முடியாது என்றால், எல்லா மீன்களையும் தனித்தொட்டிக்கு மாற்றிச் சிகிச்சை கொடுத்து, பெரிய தொட்டியை மீனில்லாமல் 27, 28 டிகிரியில் பத்து நாள் ஓடவிடுங்கள். மீன் கிடைக்காத இக் அங்கே வாழ முடியாது. தனித்தொட்டி எல்லா மீனுக்கும் போதாது என்றால் பெரிய டப் ஒன்று வாங்குங்கள். நெருக்கமே அடுத்த நோயாகிவிடும்.

எது என்று தெரியாமல் மீன்கள் தொடர்ந்து செத்தால் நிபுணரிடம் காட்டுங்கள். தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் கல்லூரிகள் தூத்துக்குடி, பொன்னேரி உள்ளிட்ட ஊர்களில் இருக்கின்றன. முதலில் தொலைபேசியில் கேட்டுவிட்டுப் போங்கள். நோயுள்ள மீனை உயிரோடு கொண்டுபோக வேண்டும். செத்த மீனிலிருந்து வெளி ஒட்டுண்ணிகள் விரைவில் கழன்றுவிடும், ஃப்ரீசரில் வைத்தது எதற்கும் உதவாது. தொட்டித் தண்ணீர் ஒரு லிட்டரையும் உங்கள் நோட்டையும் எடுத்துச் செல்லுங்கள்.

10. மாற்றும் நாளும் அதன் பிறகும்

நான்கு வாரம் முடிந்து, உப்பும் மருந்தும் தண்ணீர் மாற்றத்தில் வெளியேறி, வெப்பம் பெரிய தொட்டிக்குச் சமமாக வந்த பிறகு மாற்றுங்கள். விடுமுறை நாளின் காலை நேரம் நல்லது. அன்று முழுவதும் சண்டை வருகிறதா என்று பார்த்துக்கொள்ளலாம். பெரிய தொட்டி மீன்களுக்கு முதலில் தீனி போட்டுவிட்டு விளக்கை அணைத்துப் புது மீனை விடுங்கள்.

செடிக்கும் நத்தைக்கும் இதே காவல் வேண்டும். அவற்றுக்கு இக் வராது என்றாலும், உறை கட்டிய ஒட்டுண்ணி இலையிலும் ஓட்டிலும் ஒட்டி வரும். மீன் இல்லாத வாளித் தண்ணீரில் பத்து நாள் வைத்துவிட்டுப் போடுங்கள்.

மீன் போன பிறகு தனித்தொட்டியைக் கழுவி, வலை, குழாய், வாளியோடு வெயிலில் முழுக்கக் காயவையுங்கள். ஈரம் வற்றினால் இக் பிழைக்காது. நோய் வந்திருந்தால் ஸ்பாஞ்சையும் காயவைத்துவிட்டு, அடுத்த மீனுக்குப் புதிதாகப் பழக்குங்கள். நோய் வராத ஸ்பாஞ்சை அன்றே பெரிய தொட்டிக்குத் திருப்பிவிடலாம். மாலகைட் கிரீனும் ஃபார்மலினும் கலந்த தண்ணீரைக் கிணற்றிலோ குளத்திலோ மழைநீர்க் கால்வாயிலோ ஊற்றாதீர்கள். கரித்தூள் போட்டு ஒரு நாள் ஓடவிட்டு, பிறகு கழிவறையில் ஊற்றுங்கள்.